பென்னாகரத்தில் பதிவு செய்த பழைய இங்கிலீஷ்

தொப்பூர் மலைப்பாதையில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. மூட்டைகள் பிரிந்து, சரிவான சாலையில் வெங்காயம் எங்களை நோக்கி உருண்டு வந்துகொண்டிருந்தது. நான் மடியில் இருந்த டேப்ரெக்கார்டரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த கண்டக்டர், "டிரைவருக்கு ஒண்ணும் ஆவலீங்க. வெங்காயத்துக்குத்தான் பலத்த அடி" என்றார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொழுது சாய்வதற்குள் நான் பென்னாகரம் போய்ச் சேர வேண்டும். அங்கே பக்கத்து ஊரில் இருக்கும் பிலோமினா டீச்சருக்கு இன்னும் சில நாளில் பெங்களூரில் ஆபரேஷன். தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுக்கப் போகிறார்களாம். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு இருக்காது. அதற்கு முன் அவர் பேசுவதைப் பதிவு செய்துகொண்டு நான் ஈப்போவுக்குத் திரும்ப வேண்டும்.

நான் மலேசியாக்காரி. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவள். ஈப்போவில் தையல் வேலை செய்கிறேன். டீச்சர் எங்கள் ஊரில் பல வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். மாலையில் ஒரு நாடகக் குழு நடத்தினார். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். நான் அவர்களுக்கு உடுப்புத் தைப்பவள். நாடகம் நடக்கும்போது திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நிற்பேன். கொக்கி அறுந்தால் தைத்துவிடுவேன். என்னை யாராவது முன்னால் வந்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் வேர்த்து ரவிக்கை நனைந்துவிடும்.

டீச்சர் கடைசியாக எடுத்தது நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு இங்கிலீஷ் நாடகம். எழுதியவர் பெயர்கூடத் தெரியாதாம். அதை அந்தக் காலத்து உச்சரிப்பிலேயே நடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இளவயதில் இங்கிலாந்தில் படித்தபோது இப்படி நடிக்கும் ஒரு குழுவில் சேர்ந்து கற்றுக்கொண்டாராம். எங்கள் பிள்ளைகளுக்கு முதல் பாதியைச் சொல்லிக்கொடுத்து முடித்தபோது தொண்டை கெட்டது. ஊருக்குத் திரும்பிவிட்டார். மீதிப் பாதிக்கு இனி டேப்தான் வழி. குழுவில் தமிழ் தெரிந்து, யாரிடமும் லீவு கேட்க வேண்டாதவள் நான் ஒருத்திதான்.

"சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கணும் அக்கா. அவ்வளவுதான்" என்று பிள்ளைகள் சொல்லி அனுப்பினார்கள். அந்த அவ்வளவையும் விமானத்தில் ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன்.

பக்கத்து சீட்டு அம்மாள் வெகுநேரமாக என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொட்டியில என்னங்க, கொழந்தையாட்டம் வெச்சிருக்கீங்க?"

"டேப்புங்க. ஒரு டீச்சர் பேசறதைப் பிடிச்சிட்டுப் போக வந்திருக்கேன்."

"பேசறத எதுக்குங்க புடிக்கணும்? பேசனா காதுல வுழாதா?"

 அவர் முந்தானையில் இருந்து வறுத்த கடலையை எடுத்து என் கையில் கொட்டினார். ஒரு கையைப் பெட்டியிலிருந்து எடுத்தால்தான் தின்ன முடியும். எடுத்தேன். கடலை நன்றாக இருந்தது.

வெளியே டீக்கடையில் இரண்டு லாரிக்காரர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "இந்த எறக்கத்துல போன வாரமும் ஒண்ணு கவுந்துச்சாம். பிரேக்க நம்பறவன் மடையன், சாமிய நம்பறவன் அரை மடையன்னு சொல்றாரு" என்றார். ஈப்போவைச் சுற்றியும் மலைகள்தான். ஆனால் எங்கள் மலைகள் உச்சிவரை பச்சையைப் போர்த்தியிருக்கும். இங்கே மலைக்கு எலும்பு தெரிந்தது. வழி கிடைத்ததும் அந்த எலும்பைச் சுற்றிச் சுற்றி நாங்கள் ஏறினோம்.

பென்னாகரத்தில் இறங்கியபோது டீச்சரின் தம்பி சின்னப்பன் மொபெட்டோடு காத்திருந்தார். டேப்ரெக்கார்டரை முன்னால் மாட்டிக்கொள்கிறேன் என்றார். நான் தரவில்லை. ஒரு கையால் அதை அணைத்து, மறு கையால் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் புளியமரங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர், "பயப்படாதீங்க" என்றார். அவர் சொல்லும்போதெல்லாம் பயம் கூடியது.

வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்குப் புளி குவிந்திருந்தது. சில பெண்கள் உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டி ஓடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். சின்னப்பனின் மனைவி மேரி. என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்து, "வாங்க. மலேசியாவுல இருந்து டேப்பு வந்துருச்சுங்களா?" என்றார்.

"ம். நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"எங்களுக்கென்னங்க. கொரலு இருக்குது, கேக்கத்தான் ஆளில்ல."

உள்ளே டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினார். "லெட்சுமி" என்றார். குரல் ஈர மணலில் வாளியை இழுப்பது போல இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கே மேரி வாசலில் இருந்து திரும்பிப் பார்த்தது தெரிந்தது. டாக்டர் அதிகம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தாராம். அதனால் வீட்டில் டீச்சர் பேசுவதே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கைதட்டுவார். மேரி வந்து நிற்பார். டீச்சர் கையைக் காட்டுவார். மேரி போய் எடுத்து வருவார். நான் வந்து கொஞ்ச நேரத்துக்குள் இது மூன்று தடவை நடந்துவிட்டது.

மறுநாள் காலையில் மேரியிடம், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். புளி தட்ட வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். காலைச் சாப்பாட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்றேன்.

"நாங்க பசியாற மாட்டோங்க. களி திம்போம்" என்றார் மேரி.

ராகிக் களி உருண்டையும் கீரைக் கடைசலும் வந்தது. நான் பிய்த்து வாயில் போட்டு மென்றேன். அது பல்லில் அப்பிக்கொண்டது. மேரி இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "ஏனுங்க, மெல்லறீங்க? களிய மெல்லக்கூடாது. கீரையில தொட்டு அப்பிடியே முழுங்கோணும்."

முழுங்கினேன். தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தேன். சின்னப்பன் முதுகில் தட்டட்டுமா என்று கேட்டார். இரண்டாவது வாய் இறங்கிவிட்டது. டீச்சருக்கு மட்டும் களியைக் கரைத்துக் கூழாகக் கொடுத்தார்கள். அவர் அதையும் சின்னச் சின்ன மிடறாகக் கண்ணை மூடிக் குடித்தார்.

பதிவு செய்ய மூட்டை போடும் அறையைத் தேர்ந்தெடுத்தோம். நாலு பக்கமும் ராகி மூட்டை இருந்ததால் வெளிச்சத்தம் அடங்கியிருக்கும் என்றார் டீச்சர். ஆனால் புளி தட்டும் சத்தம் மூட்டையைத் தாண்டி வந்தது. மேரியிடம் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்ல வேண்டும். வாசல்வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன்.

"என்னங்க, வாய்க்குள்ள என்னமோ வெச்சுக்கிட்டே நிக்கறீங்க?" என்றார் மேரி.

சொன்னேன்.

"ஒங்க நாடகத்துக்கு எங்க புளி காத்துக் கெடக்கணுமா?" என்றவர், பெண்களைப் பார்த்து, "கட்டைய வெச்சுட்டு, தட்டுனதுல கொட்ட எடுங்கடி. பேசாம எடுங்க. உள்ள வெள்ளக்காரப் பாட்டன் பாட்டியெல்லாம் பேசப் போறாங்களாம்" என்றார்.

டீச்சர் பதிவுக்கு முன் எனக்கு விளக்கினார். நானாகக் கேட்கவில்லை. ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல அவருக்கு இருந்தது.

"அந்தக் காலத்து ஆளுங்க 'ர்' சத்தத்த எங்கயும் முழுங்க மாட்டாங்க, லெட்சுமி. நம்மள மாதிரியே நாக்கச் சுருட்டிச் சொல்லுவாங்க. கடலுக்கு இப்ப 'ஸீ'ங்கறோம். அப்ப 'ஸே'. லவ், ப்ரூவ்னு ரெண்டு வரி முடியும். இப்பச் சொன்னா ரெண்டும் சேராது. அந்த வாயில சொன்னா அண்ணன் தம்பி மாதிரி சேந்துக்கும்."

"அவங்க எப்படிப் பேசினாங்கன்னு எப்படி டீச்சர் தெரியும்? அப்ப டேப் இல்லையே."

"பாட்டுல எந்த வார்த்தை எதோட சேருதுன்னு பாப்பாங்க. படிக்காதவங்க தப்புத்தப்பா எழுதினதப் பாப்பாங்க. காதுல வுழுந்தபடிதானே எழுதியிருப்பாங்க. இன்னும் சிலதுல சண்டை இருக்குது. எல்லாம் முடிவாத் தெரியாது."

கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு இதைச் சொன்னார். "நம்ம பிள்ளைங்க லண்டன்காரன் மாதிரிப் பேசணும்னு நெனச்சு வாயத் தொறக்கவே கூச்சப்படுதுங்க. இந்த உச்சரிப்புல பொறந்தவன் இன்னைக்கு லண்டன்லயும் இல்ல. யாருக்கும் இது தாய்ப்பாஷை இல்ல. எல்லாரும் முதல்ல இருந்து கத்துக்கணும். அதனால யாரும் யாரையும் பாத்துச் சிரிக்க முடியாது."

ஒத்திகையில் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று பேசியது எனக்கு ஞாபகம் வந்தது. நான் அதை உடுப்பின் அழகு என்று நினைத்திருந்தேன்.

சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் அமுக்கினேன். கேசட் சுற்றியது. டீச்சர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இருமினார். மறுபடி முயன்றார். மெஷினைப் பார்த்துக்கொண்டு பேச முடியவில்லை என்று கையை ஆட்டினார். நான் மெஷினைத் தரையில் நகர்த்திவிட்டு, அதன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். "என்னைப் பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

சொன்னார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கரகரப்பு இருந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்கு அது பொருத்தமாக இருந்தது. ராணி பேசும்போது முதுகு நேரானது. வேலைக்காரன் பேசும்போது தோள் இறங்கியது. எனக்கு ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை. ஆனாலும் யார் கோபப்படுகிறார், யார் பொய் சொல்கிறார் என்பது தெரிந்தது. கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போட்டோம். அதுவும் முடிந்தது. வேர்த்துப்போய்ச் சாய்ந்தார். மேரி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

சாயங்காலம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, போட்டுக் கேட்டோம்.

டீச்சரின் குரல் தெளிவாக வந்தது. நான் மூச்சுவிட்டேன். அடுத்த விநாடி ஒரு "உம்" கேட்டது.

டீச்சர் ஒரு வரி சொல்ல, "உம்." இன்னொரு வரி சொல்ல, "உம்." ராணி அழுதாள், "உம்." வேலைக்காரன் திட்டினான், "உம், உம்." டீச்சரைவிட அது மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. என் குரல்தான்.

 எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் அப்பா கதை சொல்லும்போது யாராவது உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். நாங்கள் தூங்கிப்போனோம் என்று நினைத்து எழுந்து போய்விடுவார். அந்தப் பழக்கம் வாயில் ஒட்டிக்கொண்டது. நான் கொட்டியதே எனக்குத் தெரியவில்லை.

புளி தட்டிய பெண்களில் ஒருவர், "நல்லாத்தாங்க இருக்குது. கேக்கறவங்க இல்லாம என்ன கத?" என்றார். இன்னொருவர், "பாரேன், அந்தம்மாவுக்கு அம்புட்டு இங்கிலீசு புரிஞ்சிருக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னப்பன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

நான் அழாத குறையாக டீச்சரைப் பார்த்தேன். அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"திரும்ப எடுத்துக்கலாம் டீச்சர். நான் வாயைக் கட்டிக்கறேன்."

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். முடியாது. அத்தனையையும் இன்னொரு தடவை சொல்ல அவரிடம் குரல் இல்லை. இருப்பது இதுதான். நாடகத்தின் முடிவுரை மட்டும் மீதி இருந்தது. அந்தக் காலத்து நாடகங்களில் கதை முடிந்ததும் ஒருவர் தனியாக மேடையின் முன்னால் வந்து, குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஜனங்களிடம் கேட்டு விடைபெறுவாராம். அது இல்லாமல் நாடகத்தை முடிக்க முடியாது. மறுநாள் எடுக்கலாம் என்று வைத்தோம். அதற்கடுத்த நாள் அவர்கள் பெங்களூர் புறப்பட வேண்டும்.

மறுநாள் காலை இன்னொரு கேசட்டை எடுத்து மெஷினில் போட்டேன். புதுசு இல்லை. பிள்ளைகள் ஒத்திகையை ஏற்கெனவே பதிவு செய்து, கடைசியில் கொஞ்சம்தான் காலியாக விட்டிருந்தார்கள். வேறு கேசட் கொண்டுவராததற்கு என்னையே திட்டிக்கொண்டேன். காலி இடம் வரும்வரை ஓட்டி வைத்தேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு டீச்சர் முன்னால் உட்கார்ந்தேன்.

டீச்சர் ஆரம்பித்தார். இரண்டு வரியில் குரல் உடைந்தது. மறுபடி. மறுபடியும் உடைந்தது. நான் வாயை மூடியிருப்பதைப் பார்த்தபடி அவரால் பேச முடியவில்லை. தண்ணீருக்குக் கைதட்டினார்.

மேரி தண்ணீரைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"ஏனுங்க, ஒங்களுக்கே நல்லா இருக்குதா இது? இருக்கற கொரல வழிச்சு வழிச்சு டேப்புல போட்டுக்கறீங்க. நாளன்னைக்கு ஒண்ணும் இருக்காது. கொரலு ஒங்களுக்கு, இருமலு எங்களுக்கா?"

"மேரி" என்று சின்னப்பன் வெளியிலிருந்து அதட்டினார்.

"நீங்க சும்மா இருங்க. ஒரு வருசமா இந்த வூட்டுல கைதட்டிக் கூப்பிட்டா ஓடி வர்றவ நானு. எம் பேரச் சொல்லி இவங்க கூப்பிட்டு எத்தன நாளாச்சுன்னு கேளுங்க. செத்துப்போன பாஷையில பேசறதுக்கு மட்டும் கொரலு வருது."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

 வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். எழுந்தேன். எழுந்தவள் வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, "நீங்க என் இடத்துல உட்காருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"அவங்களுக்கு எதிரே ஆள் வேணும். உம் கொட்ட வேணும். இல்லாட்டிப் பேச்சு வரமாட்டேங்குது."

"எனக்கு அந்த பாஷை புரியாதுங்களே."

"எனக்கும் புரியாதுங்க. உம் மட்டும் கொட்டுங்க."

 மேரி கையில் ஒட்டியிருந்த புளியைச் சேலையில் துடைத்துக்கொண்டார். உட்கார்ந்தார். நான் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பட்டன்களை அமுக்கினேன்.

டீச்சர் மேரியைப் பார்த்து முடிவுரையைத் தொடங்கினார். மேரி, "உம்" என்றார். குரல் பிடித்துக்கொண்டது. நாக்கைச் சுருட்டி, அடி வயிற்றிலிருந்து, அந்த நானூறு வருடத்துப் பேச்சு வந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் இடம் வந்திருக்க வேண்டும். டீச்சர் இரண்டு கைகளையும் விரித்தார். மேரி, "உம்" என்றார். டீச்சர் பேச்சை நிறுத்தினார். இன்னும் பாதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒத்திகைக் காகிதத்தில் அதன் நீளத்தைப் பார்த்திருக்கிறேன்.

"மேரி" என்றார்.

"உம்."

"மேரி."

"இங்கதாங்க்கா இருக்கறேன்."

"தெரியும். கூப்பிட்டுப் பாத்தேன்."

என் விரல் நிறுத்தும் பட்டன் மேல் இருந்தது. கேசட்டின் கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் டேப் மெலிந்திருந்தது. இப்போது நிறுத்தினால் முடிவுரையின் மீதிக்கு இடம் இருக்கும். பிள்ளைகள் ஈப்போவில் காத்திருந்தார்கள். மேடை பிடித்தாகிவிட்டது. முடிவுரை சொல்லப்போகும் பையனுக்குப் பச்சை வெல்வெட்டில் நானே சட்டை தைத்து வைத்திருந்தேன்.

"மாட்டக் கூப்பிடற மாதிரி கைதட்டிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"உம்" என்றார் மேரி. குரல் மாறிப்போயிருந்தது.

"ஒன் களி நல்லாத்தான் இருக்குது. முழுங்க முடியலன்னுதான் கூழாக் கேட்டேன். ருசி இல்லன்னு நெனச்சுக்கிட்டியா?"

"நெனச்சேங்க்கா."

"மழைக்கு முன்னால புளிய உள்ள எடுத்து வெச்சுரு. சின்னப்பன நம்பாத. பெங்களூருல அவன் அழுவான். நீ அழுவாத. ரெண்டு பேரும் அழுதா எந்த பஸ்ஸுல ஏறறதுன்னு யாரு பாக்கறது?"

மேரி சிரித்தார். சிரிப்போடு மூக்கை உறிஞ்சினார். "உம்" என்றார்.

"லெட்சுமி, டேப்ப நிறுத்து. வீணாப் போவுது."

என் வாழ்நாளில் டீச்சர் சொல்லி நான் கேட்காதது அதுதான். விரலைப் பட்டனிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர்கள் பேசினார்கள். டீச்சரின் அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றி. மேரியின் பெரிய மகள் படிப்பைப் பற்றி. வீட்டு ஆடு ஏன் இன்னும் சினையாகவில்லை என்பதைப் பற்றி. குரல் தேய்ந்து தேய்ந்து கடைசியில் காற்று மட்டும் வந்தது. மேரி அந்தக் காற்றுக்கும் உம் கொட்டிக்கொண்டிருந்தார். டேப் தானாக முடிந்து, பட்டன் படக்கென்று எழும்பியது. மூன்று பேரும் திடுக்கிட்டோம்.

அதன்பின் டீச்சரால் முடிவுரையைத் தொட முடியவில்லை. நானும் கேட்கவில்லை. கேசட்டைப் பெட்டியில் வைத்து மூடியபோதுதான் நான் செய்தது உறைத்தது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து ஒரு வேலைக்கு வந்தேன். அதைப் பாதியில் விட்டுவிட்டேன். அன்று களியும் இறங்கவில்லை.

புறப்பட்ட நாள் எல்லாரும் தர்மபுரி வந்தோம். பெங்களூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. டீச்சரையும் சின்னப்பனையும் பஸ் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு, நானும் மேரியும் பக்கத்துத் தெருவில் இருந்த ரெக்கார்டிங் கடைக்குப் போனோம். கேசட்டில் பாட்டு பிடித்துத் தரும் கடை. சுவரெல்லாம் கேசட். இரண்டாவது கேசட்டுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றேன். பிரதி மலேசியாவுக்கு. அசல் மேரிக்கு.

"எங்க வூட்டுல இதப் போட மெஷினு இல்லீங்களே" என்றார் மேரி.

"டீக்கடையில இருக்குமில்ல?"

"அங்கயா? எங் களியோட மானம் ஊருக்கே போவட்டுங்கறீங்களா? எங்க அண்ணன் வூட்டுல இருக்குது. அங்க போயிக் கேட்டுக்கறேன்."

கடைக்காரர் சத்தம் சரியாக இருக்கிறதா என்று அங்கங்கே ஓட்டிக் கேட்டார். காதில் மாட்டியிருந்த கருவியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "இது எந்த ஊர் இங்கிலீசுங்க?" என்றார்.

"இப்ப எந்த ஊர்லயும் இல்லீங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுபடி கேட்டார். வெளியே பஸ் ஹாரன் ஒவ்வொன்றும் பெங்களூர் பஸ்தான் என்று எனக்குப் பதறியது. கடைசிப் பகுதிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இங்கிலீசு பாதியில நின்னு, வூட்டுப் பேச்சு வருதுங்களே. ஆடு, புளின்னு. தெரியாமப் பதிஞ்சிருக்கும். வெளிநாடு போறதுல அத எடுத்துரட்டுமா? சுத்தமா இருக்கும்."

 மேரி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் கேட்காமலே தன் பெயர் வந்துவிட்ட இடத்தை, இப்போது கேட்டுக்கொண்டே அழித்துவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பவர் போல நின்றார். யார் எதைச் சொன்னாலும் சரி என்பதுதான் என் வழக்கம். உடுப்பு பெரிதாகிவிட்டது என்பார்கள், சரி. சின்னதாகிவிட்டது என்பார்கள், சரி.

"வேண்டாங்க" என்றேன். பக்கத்தில் சர்பத் குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. "ஒண்ணையும் எடுக்காதீங்க. ரெண்டுலயும் முழுசா இருக்கட்டும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

ஓடித்தான் பஸ்ஸைப் பிடித்தார்கள். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மேரி கேசட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போர்த்தினார். எனக்குக் கையசைக்கக்கூட இருவருக்கும் நேரமில்லை. எந்தப் பக்கம் வெயில் வரும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாயால், ஒருவர் கையால்.

பஸ் போய்விட்டது. நான் மெட்ராஸ் போக வேண்டும். அங்கிருந்து வீட்டுக்கு. ஈப்போவில் பள்ளி மண்டபத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கேசட்டைப் போடுவார்கள். முடிவுரை பாதியில் நிற்கும். டீச்சர் தமிழில் பேச ஆரம்பிப்பார். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். மீதியை எங்கே தேடுவது என்று கேட்பார்கள். அதைவிட முதலில், "அக்கா, டீச்சர் என்ன சொல்றாங்க?" என்று கேட்பார்கள்.

திரைக்குப் பின்னால் நின்று அதற்குப் பதில் சொல்ல முடியாது. முன்னால் வந்து, எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில், களியையும் ஆட்டையும் மேரியின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மெட்ராஸ் பஸ்ஸில் உட்கார்ந்ததும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன். ரவிக்கை நனைந்துவிட்டது. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.